வரலாற்றுப் பாடத்துக்கு ஓர் அக்கா தேவை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், மனைவி, மகள் மூவரும் நலம். அங்கே நீயும், மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். நீ உடனே புறப்பட்டு வர வேண்டும். பதறாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. பதினொன்றாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்காக வர வேண்டும்.

மகளின் வரலாற்று டீச்சர் ஆளுக்கொரு ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார். இணையத்தில் சுட்டு எழுதினால் செல்லாதாம். நூலகத்துக்குப் போய் ஆதாரம் தேடி, எதை எங்கிருந்து எடுத்தோம் என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் போட வேண்டுமாம். மற்றப் பிள்ளைகள் எல்லாம் ராஜா, போர் என்று எடுத்துக்கொள்ள, இவள் மட்டும் நம் ஊருக்குள் ஆறு புகுந்த வருஷத்தை எடுத்துக்கொண்டாள். நீ தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது, நான் அரை டவுசரோடு திரிந்த காலம். அந்த வெள்ளக் கதையை அவளுக்குச் சொன்னவன் நான்தான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை என்று என் மனைவி சொல்கிறாள்.

துணைக்கு நானும் நூலகத்துக்குப் போனேன். வேண்டாம் என்று தாயும் மகளும் ஒரே குரலில் சொன்னார்கள். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளுகிறவனுக்குக் கிசுகிசுக்க எங்கே வரும்? வெள்ளத்தைப் பற்றிப் புத்தகம் இருக்கிறதா என்று நூலகர் அம்மாவிடம் நான் மெதுவாகத்தான் கேட்டேன். மாடியில் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து கீழே எட்டிப் பார்த்தார். பத்திரிகையை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வண்டி வந்துவிட்டது என்று நினைத்துப் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போய்விட்டார். அந்த அம்மா ஒரு கத்தைத் துண்டுச்சீட்டும் பென்சிலும் என் கையில் கொடுத்து, இனி எதுவானாலும் எழுதிக் காட்டுங்கள் என்றார்.

பிற்பாடு எழுதின புத்தகங்களைப் பிற்பாடு பார்க்கலாம், முதலில் அந்த வருஷத்துச் செய்தித்தாளைப் பார் என்று மகளை உள்ளறைக்கு அழைத்துப் போனார். என்னை மட்டும் வரலாற்று அலமாரியில் ஒரு புத்தகம் எடுத்துவர அனுப்பினார். அங்கே போய்ப் பார்த்தால் எனக்குப் பகீரென்றது. முதுகில் 909.82 என்று ஒட்டின புத்தகம் முன்னால் நிற்கிறது, 909.9 அதற்குப் பின்னால் நிற்கிறது. எண்பத்திரண்டு போன பிறகா ஒன்பது வரும்? எங்கள் நிலையத்தில் வண்டிகளை இப்படி நிறுத்தினால் ஜனங்கள் கல்லெடுப்பார்கள். அரசாங்கச் சொத்து இப்படிச் சீரழிகிறதே என்று மனசு கேட்காமல், இரண்டு அலமாரி முழுக்க இறக்கி, தூசி தட்டி, நம்பர்படி ஒழுங்காக அடுக்கி வைத்தேன். பாராட்டுவார் என்றுதான் நினைத்தேன். நூலகர் அம்மா வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். புள்ளிக்குப் பின்னால் வருவது தசமக் கணக்காம், அங்கே எண்பத்திரண்டு ஒன்பதைவிடச் சின்னதாம். மகள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"மேடம், இவர் என்கூட வரல" என்றாள்.

எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிக் கொடுத்த பிறகுதான் என்னை உள்ளறைக்குள் விட்டார்கள். அந்த வருஷத்துச் செய்தித்தாள்களைச் சேர்த்துத் தைத்த ஒரு பெரிய கட்டுப்புத்தகத்தை மகள் விரித்து வைத்திருந்தாள். பழுப்பேறின தாள். ஊர் மூழ்கினது, பாலம் இடிந்தது, அமைச்சர் படகில் வந்தது எல்லாம் கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே மூலையில் நாலே வரி: தொலைபேசி நிலையத்துப் பெண் ஊழியர்கள் வீடு திரும்பாமல் இருந்து இணைப்புகளைக் காப்பாற்றினார்கள் என்று. அமைச்சர் படகில் ஏறினதற்குப் படமே போட்டிருக்கிறான், உங்களில் ஒருத்தியின் பெயரைக்கூடப் போடவில்லை. இது எங்கள் அக்கா என்று சொல்லிவிட்டேன். எந்தக் குரலில் சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். இந்த முறை நூலகர் அம்மா துண்டுச்சீட்டை நீட்டவில்லை.

ஆனால் என் மகள் விடுவாளா? ஆதாரம் கேட்டாள். அன்றைக்கெல்லாம் அக்கா வீட்டுக்கு வரவே இல்லை, நான் படியிலேயே காத்துக் கிடந்தேன் என்றேன்.

"அது நீங்க காத்துக்கிட்டு இருந்ததுக்குத்தான் ஆதாரம்ப்பா. அத்தை அங்க இருந்தாங்கன்னு அத்தைதான் சொல்லணும்."

நூலகர் அம்மாவும் ஆமாம் என்றார். நேரில் இருந்தவரைப் பேட்டி எடுத்தால் அதுவும் புத்தகத்துக்குச் சமமான ஆதாரமாம். போனில் சொன்னால் போதாதா என்று நீ கேட்பாய். போதாது. ஊரெல்லாம் பேச லைன் போட்டுக் கொடுத்தவளுக்குத் தம்பியோடு போனில் பேச வரவில்லை. சாப்பிட்டியா என்கிறாய், சாப்பிட்டேன் என்கிறேன், அதற்குள் பேரன் போனைப் பிடுங்கிவிடுகிறான். தண்ணீர் வடிந்த பிறகு நீ வீட்டுக்கு வந்து, சுவரோரம் அப்படியே சாய்ந்து தூங்கினாய். எழுந்து மறுபடி வேலைக்குப் போய்விடுவாயோ என்று உன் பை வாரைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்திலேயே இருந்தேன். அது உனக்குத் தெரியுமா? மகன் வீட்டுக்கு நீ குடிபோன பிறகு முன்னறையில் உன் கட்டில் அப்படியே கிடக்கிறது. துணி மடிக்கிற சாக்கில் அதில்தான் போய் உட்காருகிறேன். நீ நேரில் வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, சாவகாசமாகச் சொல்ல வேண்டும். எனக்காக இல்லை, பிள்ளையின் படிப்புக்காக.

பேரப்பிள்ளைகளுக்கு என் அன்பு. நீ மூத்தவள், ஆசீர்வாதத்தைத் தபாலில் அனுப்பிக் கழித்துவிடாதே, நேரில் வந்து கொடு.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகள் வாங்கிப் படித்துவிட்டாள். போன வாரமே போனில் உன்னைப் பேட்டி எடுத்துவிட்டாளாம். மதியம் தொடங்கி விளக்கு வைக்கும் வரை பேசினாயாமே. டீச்சரும் அதை ஏற்றுக்கொண்டு, கட்டுரை வகுப்பிலேயே முதலாவதாம். இரண்டு பேரும் என்னிடம் மூச்சு விடவில்லை. ஆகவே மேலே எழுதினது எதுவும் செல்லாது. இனி பிள்ளையின் படிப்பைச் சொல்லி உன்னைக் கூப்பிட எனக்கு வழியில்லை. உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, அக்கா. வந்துவிட்டுப் போ.