பதினேழில் நிற்கும் திருகு

கிளிஃப் ஓல்ட்ராய்ட் தன் வாழ்நாளில் முதல்முறையாக, வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டை இருபது டிகிரியில் வைத்தார். வைத்துவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று ஜன்னல் பக்கம் திரும்பியும் பார்த்துக்கொண்டார். அரை மணி நேரம் கழித்து, வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் தொட்டார். ஐஸ்.

ஹடர்ஸ்ஃபீல்டில் அந்தத் தெருவுக்கே தெரியும், ஓல்ட்ராய்ட் வீட்டு நடைச் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டின் வட்டத் திருகு பதினேழைத் தாண்டாது என்று. அதைத் தொடும் உரிமை கிளிஃபுக்கு மட்டும்தான். மனைவி ஐலீன் அதன் பக்கமே போவதில்லை. குளிருகிறது என்று ஒரு நாளும் முணுமுணுத்ததும் இல்லை. பின்னல் பையைத் தூக்கிக்கொண்டு எந்த அறையில் உட்கார்ந்தாலும் அவளுக்குக் குளிர் தெரியாது.

"பதினேழுலயே வீடு எப்படிக் கதகதன்னு இருக்கு பாத்தியா? எல்லாம் பராமரிப்பு," என்பார் கிளிஃப். வருடாவருடம் குளிர் தொடங்குமுன் ஒவ்வொரு ரேடியேட்டரிலும் சாவியைப் போட்டு, உள்ளே அடைத்த காற்றை அவரே வெளியேற்றுவார்.

"ஆமாங்க, நீங்க கை வச்சா தனிதான்," என்பாள் ஐலீன், பின்னலிலிருந்து தலை நிமிராமல்.

அந்த ஐலீன் நேற்றுக் காலை விட்பிக்குக் கிளம்பிப் போனாள். அக்காவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை, நாளைதான் திரும்புவாள். அவள் போன நேரமோ என்னவோ, நேற்று மாலையே வீடு குளிர ஆரம்பித்துவிட்டது.

மற்ற நாளாக இருந்தால் கிளிஃப் இன்னொரு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார். ஆனால் இன்று சாயங்காலம் மகள் ஜோடி கைக்குழந்தையோடு வருகிறாள். முதல் பேத்தி. இதுவரை போனில் பார்த்ததோடு சரி. ஜோடி கறாராகச் சொல்லியிருந்தாள்.

"அப்பா, சின்ன வயசுல நான் கோட்டு போட்டுக்கிட்டே சாப்பிட்டேன். என் பொண்ணுக்கு அந்தக் கதி வேண்டாம். வாசல்ல கால் வைக்கும்போதே சில்லுன்னு இருந்துச்சுன்னா, வண்டியைத் திருப்பிக்கிட்டு வேக்ஃபீல்ட்ல என் மாமியார் வீட்டுக்குப் போயிடுவேன்."

"கொதிக்கும்மா. நீ வா," என்று கிளிஃப் வாக்குக் கொடுத்திருந்தார்.

மாடிப் படுக்கையறையிலிருந்து ஆரம்பித்தார். ரேடியேட்டரின் மூலையில் சாவியைப் போட்டுத் திருகினார். உஸ்ஸென்று காற்று வந்தது. இன்னும் கொஞ்சம் திருகினார். திருகாணி கழன்று விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டது. ஓட்டையிலிருந்து கறுப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஒரு விரலால் ஓட்டையை அடைத்தபடி, காலை நீட்டித் திருகாணியைத் துழாவி எடுத்து மாட்டுவதற்குள், ஐலீன் ஆசை ஆசையாகப் போட்ட பால்நிறக் கார்ப்பெட்டில் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு கறை. கட்டிலை இழுத்து அதன் மேல் போட்டார். இப்போது கட்டில் கதவை மறித்துக்கொண்டு நின்றது. வயிற்றை எக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

போன தண்ணீருக்கு, ரேடியேட்டர்களுக்கு வெந்நீர் அனுப்பும் பாய்லரில் அழுத்தம் குறைந்து முள் பூஜ்யத்தில் கிடந்தது. தண்ணீர் நிரப்பும் குழாயைத் திறந்தார். முள் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசல்மணி அடித்தது.

பக்கத்து வீட்டுக் கீத். கண் நேராகச் சுவருக்குப் போனது.

"என்னய்யா இது, இருபதா?"

"குழந்தை வருதுய்யா."

"பச்சைக் குழந்தை மேல பழியைப் போடாத. வயசாயிடுச்சு, தாக்குப்பிடிக்க முடியலன்னு ஒத்துக்கயேன். என் வீட்டுல பதினாறு. பனி கொட்டினாலும் பதினாறுதான். என் பொண்டாட்டி பிரெண்டா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டா."

"புளுகாத. போன வாரம் உன் வீட்டுக்கு வந்தேனே, சட்டையைக் கழட்டலாம் போல இருந்துச்சு. அதுவா பதினாறு?"

"எல்லாம் பராமரிப்பு," என்றார் கீத்.

கிளிஃபுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதிலுக்கு ஒன்று கொடுக்க வாயெடுத்தபோது வெளியே சளசளவென்று சத்தம். குழாயை மூட மறந்திருந்தார். அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறி, வெளிச் சுவரில் இருக்கும் போக்குக்குழாய் வழியாகத் தண்ணீர் வேலியைத் தாண்டிப் பாய்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கீத் கண்காட்சிக்காக வளர்த்த சாமந்திகள். பூவெல்லாம் கறுத்துத் தலை கவிழ்ந்தன.

"என் பூ," என்றார் கீத்.

"சேறுய்யா. குழாய்க்குள்ள சேறு கட்டியிருக்கு. இப்பத்தான் புரியுது," என்றார் கிளிஃப். நண்பனின் துக்கத்தில் தன் வீட்டு நோயைக் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது. "நடையில இருக்கிற ரேடியேட்டரைக் கழட்டி, தோட்டத்துல வச்சு ஹோஸ் பைப்பால ஒரு அடி அடிச்சா எல்லாம் சரியாயிடும். ஒரு பக்கம் பிடி."

"நான் ஏன்யா பிடிக்கணும்?"

"அப்பப் பதினாறு டிகிரி கையில பலம் இல்லன்னு ஒத்துக்க."

கீத் பிடித்தார். கொஞ்சம் அதிகமாகவே உயர்த்திப் பிடித்தார். உள்ளே இருந்த சேறு முழுவதும் கிளிஃபின் கால்சட்டையில் இறங்கி, நடை முழுக்கப் பரவி, வாசற்படி வரை வழிந்தது. ஜோடி வர இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது.

வேறு வழியில்லாமல் ஐலீனுக்குப் போன் போட்டார்.

"வீடு சூடாகவே மாட்டேங்குது ஐலீன். எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன்."

"எல்லாம்னா?"

"சும்மா... லேசா சுத்தம் பண்ணேன்."

அந்தப் பக்கம் எதையோ குடைகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "அடக் கடவுளே."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல, பின்னல் ஊசி குத்திடுச்சு. நீங்க இனிமே எதையும் தொடாதீங்க. பாய்லர்க்காரர் டாரனுக்கு நானே சொல்றேன்."

டாரன் வாய் ஓயாத ஆள். அன்று அதிசயமாக வாயை இறுக்கி மூடிக்கொண்டு வந்தான். சேற்றைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. ரேடியேட்டரைத் திரும்ப மாட்டி, அழுத்தத்தைச் சரிசெய்தான். கடைசியில் பையிலிருந்து உள்ளங்கையளவு வெள்ளைப் பெட்டி ஒன்றை எடுத்து, பேட்டரி போட்டு, எதையோ அமுக்கி, சமையலறை அலமாரியில் தேயிலை டப்பாவுக்குப் பின்னால் வைத்தான். பாய்லர் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"அது என்ன?" என்றார் கிளிஃப்.

"இருந்துட்டுப் போகட்டும் சார். பாய்லருக்குத் துணை."

"திருகை எதுல வைக்கட்டும்?"

"உங்க மனசுக்கு எது பிடிக்குதோ அதுல வைங்க."

கீத் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிளிஃப் அதைப் பதினேழுக்கு இறக்கினார். இரண்டு பேரும் மண்டியிட்டு நடையைத் துடைத்து முடிக்கவும் ஜோடியின் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

ஜோடி வாசலில் நின்று மூக்கை உள்ளே நீட்டினாள். பிறகு உள்ளே வந்து குழந்தையின் குல்லாவைக் கழற்றினாள். போர்வையை விலக்கினாள். குழந்தையை அப்பாவின் கையில் கொடுத்தாள். கிளிஃப் அதன் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா சூடா இருக்குப்பா. எத்தனைல வச்சிருக்கீங்க?"

"பதினேழு," என்றார் கிளிஃப், கீத்தைப் பார்த்து.

"என் வீடு பதினாறுலயே இதைவிடச் சூடா இருக்கும்," என்றார் கீத்.

"உனக்கு ரேடியேட்டரைத் தூக்கவே தெரியல, நீ பராமரிப்பு பேசுறியா?"

"என் சாமந்தியைக் கொன்ன ஆளு நீ, நீ பேசுறியா? வா, இப்பவே என் வீட்டுத் திருகை வந்து பாரு."

குழந்தை சிணுங்கத் தொடங்கியது. வாசலில் கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த டாரன் அதற்கு மேல் பொறுக்க முடியாமல் திரும்பினான்.

"குழந்தை தூங்கணும் சார், விடுங்க. ரிமோட் மாதிரி இருக்கிற நிஜத் தெர்மோஸ்டாட் ஐலீன் அம்மா பின்னல் பையோட விட்பிக்குப் போயிடுச்சு, அதுக்குப் பதிலாத்தான் அந்த வெள்ளைப் பெட்டி. உங்க ரெண்டு வீட்டுச் சுவர்லயும் இருக்கிற திருகுல ஒயரே கிடையாது, ரெண்டு அம்மாவும் கேட்டுக்கிட்டாங்கன்னு ஏழெட்டு வருஷம் முன்னாடி ஒரே நாள்ல நான்தான் கழட்டினேன்."