கீரி தொட்ட பெட்டி

ஒரு காட்டில், சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காத வடக்குச் சரிவில், மணவாளன் என்றொரு கீரி வளை தோண்டிக் குடியிருந்தது. அதற்குக் கை சும்மா இருக்காது. மிக்சியைப் பிரித்து மாட்டும், டார்ச்சைப் பிரித்து மாட்டும். மாட்டிய பிறகு மிஞ்சுகிற திருகாணிகளை ஒரு டப்பாவில் போட்டு வைக்கும். இதைக் கெட்டிக்காரத்தனம் என்று சொல்பவர்களும் காட்டில் உண்டு. அதன் மனைவி செண்பகம் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

செண்பகம் ஆசிரியை. அக்கம்பக்கத்துக் காடுகளில் இருக்கும் கீரிக்குட்டிகளுக்கு, பாம்பைப் பிடிக்கும் முறையை ஆன்லைனில் சொல்லிக்கொடுத்து வந்தது. நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கும். ஆனால் சரியாகப் பாய்கிற நேரம் பார்த்து வீடியோ சிக்கிக்கொள்ளும். பாம்பைக் கண்டால் வாயைத் திறந்துகொண்டு அசையாமல் நிற்க வேண்டும் என்று பதினொரு குட்டிகள் நோட்டில் எழுதிக்கொண்டன. ஒரு குட்டி அப்படிச் செய்தும் பார்த்தது. நல்லவேளை, அது தண்ணீர்ப்பாம்பு.

இந்த லட்சணத்தில் காட்டுக் கல்வி வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் செண்பகம் ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். வாரியத்து யானைகள் ஆன்லைனில் பார்க்கும். திருப்தியாக இருந்தால் வேலை நிரந்தரம். ஆறு வருடமாகத் தற்காலிகத்தில் காய்ந்துகொண்டிருந்த செண்பகம், கடிதத்தை நான்கு தடவை படித்தது.

"என்னங்க, அன்னிக்கு ஒருநாள் மட்டும் ஸ்டக் ஆகாம இருந்தாப் போதும்" என்றது.

மணவாளனுக்கு வெறும் வாயில் அவல் விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

அந்தக் காட்டில் இணையம் தரும் கம்பெனி எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி ரவுட்டர் கொடுத்திருந்தது. அதை இயக்கும் மென்பொருளும் கம்பெனியுடையதே. வாடிக்கையாளர் அதில் மாற்றக்கூடியவை இரண்டு. ஒன்று பாஸ்வேர்டு, இன்னொன்று பெட்டியை வைக்கிற இடம். மற்றதற்கெல்லாம் பூட்டு. ஆனால் உலகத்தில் புண்ணியவான்களும் இருக்கிறார்களே! எங்கோ தூரக் காடுகளில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலேயே ரவுட்டருக்கு வேறொரு மென்பொருள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று இலவசமாகப் பொதுவில் வைத்திருந்தார்கள். பழையதை அழித்துவிட்டு அதை ஏற்றினால் பூட்டெல்லாம் திறந்துகொள்ளும். செண்பகத்தின் வகுப்புக்கு முதலில் வழிவிட்டு, மற்றதை எல்லாம் வரிசையில் நிறுத்தலாம்.

மணவாளன் அவர்களுடைய இணைய மன்றத்தில் போய் ஒரு சந்தேகம் கேட்டது. "இதற்கு ஏற்கெனவே பதில் சொல்லியாயிற்று, தேடிப் பார்" என்றது ஓர் ஆந்தை. "உனக்கு எதற்கு இது?" என்றது ஒரு கழுதைப்புலி. முன்பு இதே சந்தேகத்தைக் கேட்டிருந்த ஓணான் ஒன்று, "நன்றி, சரியாகிவிட்டது" என்று எழுதிவிட்டு, எப்படிச் சரியானது என்று சொல்லாமலே போயிருந்தது. ஆனாலும் மூன்று நாள் விடாமல் படித்துக் கீரி விஷயத்தைப் பிடித்துவிட்டது.

திங்கட்கிழமை ராகுகாலம் கழிந்ததும் ஆரம்பித்தது. ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் அணைந்து, ஒன்று மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் கரண்ட் போனால் பெட்டியைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மன்றத்தில் எச்சரித்திருந்தார்கள். செண்பகம் கிரைண்டரை நிறுத்தியது, ஃபேனை நிறுத்தியது, கடைசியில் மூச்சையும் நிறுத்தியது. ஏழு நிமிடம் கழித்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

சும்மா சொல்லக்கூடாது, வேலை சுத்தமாக இருந்தது. அன்று மாலை செண்பகம் பாய்ந்ததைக் குட்டிகள் முழுசாகப் பார்த்துக் கைதட்டி, மறுபடி மறுபடி பாயச் சொல்லிக் கேட்டன. பாடத்துக்காகக் கூலிக்கு வந்த சாரைப்பாம்பு மட்டும் கழுத்தைத் தடவிக்கொண்டு, "பழசே தேவலை" என்று முனகியது.

"பரவால்லையே நீங்க" என்றது செண்பகம். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அந்த வார்த்தையை மணவாளன் கேட்டது அன்றுதான். சந்தோஷத்தில் அதற்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

கிடைத்த நல்ல பேரோடு அது சும்மா இருந்திருக்கலாம். மறுநாளே பக்கத்து வீட்டு ஆமை திருவேங்கடத்திடம் போய் நின்றது.

"சார், உங்க பெட்டியையும் குடுங்க. பத்து நிமிஷத்துல மாத்தித் தர்றேன். நம்ம வீட்டுப் பெட்டி நம்ம பேச்சைக் கேக்கணும் சார்."

"வேணாம் தம்பி" என்றது ஆமை. "ஆயுத பூஜைக்கு ஒரு பொட்டு வைப்பேன். அதோட சரி. அது பாட்டுக்கு அது இருக்கு, நான் பாட்டுக்கு நான் இருக்கேன்."

இப்படிப்பட்ட அடிமைகளால்தான் காடு முன்னேறவில்லை என்று மணவாளன் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பேசியது.

வியாழக்கிழமை மாலை, ஆமை வீட்டிலும் கீரி வீட்டிலும் ஒன்றாக நெட் போயிற்று.

ஆமை கம்பெனிக்குப் போன் செய்தது. எடுத்தது ஒரு மைனா. "பெட்டியில ஏதாச்சும் மாத்தினீங்களா சார்?" என்று கேட்டது. பொட்டு வைத்ததை ஆமை ஒளிக்காமல் சொன்னது. அது பரவாயில்லை என்று மைனா புகார் எண் கொடுத்து, காலையில் ஆள் வரும் என்றது.

அடுத்து மணவாளன் போன் செய்தது. அதே மைனா, அதே கேள்வி. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் செய்த வேலையின் பெருமை விடவில்லை.

"மாத்தினேன். இப்ப உங்களோடதைவிட நல்லா ஓடுது" என்றது.

"அப்ப எங்க சாஃப்ட்வேரைத் திரும்ப ஏத்திட்டுக் கூப்பிடுங்க சார். அப்பதான் புகார் எடுக்க முடியும்."

"அம்மா, தப்பு பெட்டியில இல்ல, லைன்ல. பக்கத்து வீட்லயும்தான் நெட் இல்ல!"

"அவங்க நம்பர் வாங்கிட்டாங்க சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

திரும்ப ஏற்றுவதற்குப் பழைய மென்பொருள் கையில் இருக்க வேண்டும். மாற்றுவதற்கு முன் அதை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லி மன்றத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மணவாளன் அந்த ஒரு வரியைத்தான் தாண்டிப் போயிருந்தது. இனி வேறு யாராவது எடுத்து வைத்த பிரதியைத் தேட வேண்டும். தேடுவதற்கு நெட் வேண்டும். நெட் வருவதற்கு அந்தப் பிரதி வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் லேப்டாப், ரவுட்டர், ஒரு பேட்டரி எல்லாவற்றையும் முதுகில் கட்டிக்கொண்டு பாறைக்குன்றுக்குப் புறப்பட்டது. வீட்டில் மொபைலில் பேச மட்டும்தான் முடியும்; அந்த உச்சியில்தான் அதில் நெட் வரும். செண்பகம் வாசல்வரை வந்து, "பதினோரு மணிங்க" என்றது. நான்கு வார்த்தை திட்டியிருந்தால்கூட மணவாளனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

உச்சியில் இரண்டு மணி நேரம் தேடியதில், தெற்குக் காட்டு முள்ளம்பன்றி ஒன்று யாருக்காவது உதவும் என்று போட்டு வைத்திருந்த பிரதி கிடைத்தது. கருவேல முள்ளால் ரீசெட் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடித்து ஏற்றியது. இரண்டு தடவை பாதியில் நின்றுபோயிற்று. மூன்றாவது தடவை கம்பெனியின் சின்னம் திரையில் வந்தது. எந்தச் சின்னத்தைப் பார்த்தால் எரிச்சல் வருமோ, அதைக் கும்பிட்டுவிட்டு மணவாளன் குன்றிலிருந்து ஓடி இறங்கியது. மணி பத்தே முக்கால்.

கீழே நாவல் மரத்தில் ஏணி சாத்தி, கம்பெனி ஆள் பெருச்சாளி செல்லையா உட்கார்ந்திருந்தது.

"ரெண்டு வீட்டு வயரையும் அணில் கடிச்சிருக்கு சார். ஆமை சாரோடதை ஒட்டிட்டேன்."

மணவாளன் அண்ணாந்து பார்த்தது. ஒட்டின வயருக்குப் பக்கத்திலேயே, செல்லையாவின் மூக்கில் இடிக்கிற மாதிரி, இதன் வீட்டு வயர் தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப அதையும் ஒட்டிருங்கண்ணே."

"இதுக்கு நம்பர் இருக்கா?"

கீரி அங்கேயே நின்று போன் செய்தது. பெட்டியில் கம்பெனி மென்பொருள்தான் இருக்கிறது என்று இந்தத் தடவை சத்தியம் செய்தது. மைனா உடனே நம்பர் கொடுத்தது. "நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்ள எங்க ஆள் வருவார் சார்."

"ஆள் என் தலைக்கு மேலதாம்மா உக்காந்திருக்கார்!"

"கண்டிப்பா வருவார் சார்."

செல்லையா இறங்கி ஏணியைத் தோளில் தூக்கியது. "நம்பர்தான் வந்துருச்சே, கவலைய விடுங்க. நாளைக்கு வந்துடறேன்."

வீட்டில் செண்பகத்தைக் காணவில்லை. அது சாரைப்பாம்பைக் கூட்டிக்கொண்டு எப்போதோ ஆமை வீட்டுக்குப் போயிருந்தது. மணவாளன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வீடியோ இரண்டு தடவை சிக்கியது. யானைகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. வாரிய அலுவலகத்திலும் அதே கம்பெனியின் நெட்தான். அன்று மாலையே செண்பகத்துக்கு நிரந்தர வேலைக்கான உத்தரவு வந்தது. ஆமைக்கு அது காலில் விழாத குறையாக நன்றி சொன்னது.

சனிக்கிழமை செல்லையா வந்து இரண்டு நிமிடத்தில் வயரை ஒட்டிவிட்டு, ஒரு ஃபாரத்தை நீட்டியது. பழுதுக்குக் காரணம் என்ற இடத்தில், 'வாடிக்கையாளர் பெட்டியைத் தொட்டது' என்று எழுதியிருந்தது.

"அணில் கடிச்சதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றது மணவாளன்.

"ஃபாரத்துல அணிலுக்குக் கட்டம் இல்ல சார்."

மேலே கிளையில் உட்கார்ந்திருந்த அணிலுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் அந்தப் பெட்டியக் கண்ணாலகூடப் பாத்ததில்லைங்க! வயரைத்தான் கடிச்சேன்!" என்று கத்தியது.

"அது என்ன பண்ணும் பாவம், வாயில்லாத ஜீவன்" என்றது ஆமை. செல்லையாவும் உச்சுக்கொட்டியது.

மணவாளன் மனைவியைப் பார்த்தது. எல்லாம் உனக்காகத்தானே செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தது. அதற்குள் செண்பகம் பேனாவை எடுத்து அதன் கையில் கொடுத்துவிட்டது.

"கையெழுத்தைப் போடுங்க. இனிமே வீட்ல எதையும் தொடாதீங்க."

மணவாளன் கையெழுத்துப் போட்டது. செண்பகம் உள்ளே போய் அணிலுக்கு ஒரு பிடி நிலக்கடலை கொண்டுவந்து வைத்தது.

நீதி: வயரைக் கடித்தாலும் கடிக்கலாம், பெட்டியை மட்டும் தொடக்கூடாது.