சேதி போட்ட சும்மாடு

மடுல்சீமைப் பக்கம் எத்தனை தேயிலைத் தோட்டம் உண்டோ அத்தனையிலும் தேடினாலும், ஒரு மாடு பசுவா காளையா என்று குனிந்து பார்ப்பதற்காக மழையில் இரண்டு மைல் நடந்த ஆள் சும்மாட்டு அக்கா ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது. கொழுந்துக் கூடையின் கயிறு எங்கள் தலையில்தான் தொங்கும். அது உச்சியை அறுக்காமல் இருக்க அடியில் துணியை மடித்து வைப்போம். அதுதான் சும்மாடு. நாங்கள் பழைய துவாயை மடித்து வைத்துக்கொண்டிருந்த காலத்தில், அக்கா பதுளையில் ஒரு முஸ்லிம் நானாவின் தையல் கடையில் மிஞ்சும் வெட்டுத் துணிகளைச் சாக்கில் அடைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். எங்களோடு கொழுந்து பறித்துவிட்டு, பின்னேரம் தன் கை மெஷினில் துண்டுகளை அடுக்கடுக்காக வைத்துத் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

இலவசம்தான். ஆனால் ஒரு சட்டம் உண்டு. ஒரு நல்ல சேதி சொன்னால் ஒரு துண்டு. சேதி இல்லையென்றால் ஊசி இறங்காது.

கோழி முட்டையிட்டால் சீத்தைத் துணி. பிள்ளை பரீட்சையில் பாஸானால் சாட்டின். புருஷன் சனிக்கிழமை குடிக்காமல் வீட்டுக்கு வந்தால் வெல்வெட். அந்த வெல்வெட் சாக்கின் அடியில் மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"பெரிய சேதியா இருக்கணும்னு இல்லடி. குழாயில தண்ணி வந்துச்சா? அதுவும் சேதிதான்" என்பார். பிறகு துண்டுகளைத் தரையில் பரப்பிவிட்டு, "இந்தச் சிவப்புக்குப் பக்கத்துல அந்தப் பச்சைய வச்சுப் பாரு. ரெண்டும் சிரிக்குது பாரேன்!" என்று தானும் சிரிப்பார்.

சேதி அதோடு முடியாது. மறுநாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அக்கா அதை உரக்கச் சொல்வார். அவர் இங்கே பேசினால் எதிர் மலையில் பறிக்கிறவர்கள் பதில் சொல்வார்கள். கங்காணியின் பல்வலி நின்ற சேதி அவர் பெண்சாதிக்கே அப்படித்தான் தெரிந்தது.

கனத்த சும்மாட்டுக்கு ஆசைப்பட்டு பக்கத்து லயத்து வீட்டுப் பார்வதி, "எங்க மாடு ரெட்டைக் கன்னு போட்டுருச்சுக்கா" என்று ஒரு முறை அளந்துவிட்டாள். மாடு தோட்டத்தின் கீழ் டிவிஷனில் அவள் அண்ணன் வீட்டில் இருந்தது. அக்கா நேரில் போய்ப் பார்த்துவிட்டு நனைந்துகொண்டே திரும்பினார்.

"ஏண்டி பார்வதி, காளமாடு எப்படிடி கன்னு போடும்?"

பொய்க்குத் தண்டனையாக, எல்லோர் முன்னாலும் பிளேடால் தையலைப் பிரித்து பார்வதியின் சும்மாட்டில் ஒரு துண்டைக் கழற்றினார்.

நான் கூச்ச சுபாவம். என் பெயர் நிறுக்கும் இடத்தில் ஒலிப்பதை நினைத்தாலே வேர்த்துவிடும். அதனால் நான்கு வருடத்தில் என் சும்மாட்டில் இரண்டே துண்டு. கயிறு அழுத்தி உச்சியில் காய்ப்பே விழுந்துவிட்டது.

"ஏண்டி சாந்தி, உங்க வீட்டுப் பல்லிகூட நல்ல சேதி சொல்லாதா?" என்று அக்கா கேட்பார். நான் சிரித்துவிட்டு நழுவிவிடுவேன்.

போன மழைக்காலத்தில், யாரிடமும் காட்ட முடியாத இடத்தில் எனக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. வீட்டுக்காரரிடம் பல்லுக்கு மருந்து என்று சொல்லிவிட்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி குத்திக் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அந்த இரண்டு வாரமும் நான் என்ன பறித்தேன், என்ன சமைத்தேன் என்று கேட்டால் தெரியாது.

மறுபடி போனபோது தமிழ் தெரிந்த ஒரு நர்ஸம்மா தாளைப் பார்த்துவிட்டு, "பயப்பட ஒன்னுமில்ல. வெறும் கொழுப்புக் கட்டி. போய் நல்லா சாப்பிடுங்க" என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் கால்கள் வீட்டுக்குப் போகவில்லை. அக்கா வீட்டு வாசலில் போய் நின்றன.

"என்னடி, சேதியா?"

தலையாட்டினேன்.

"சொன்னாத்தானே தெரியும், சீத்தையா சாட்டினான்னு?"

கிட்டே போய் அவர் காதில் சொன்னேன். அக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சாக்கின் அடியில் கையை விட்டு அந்த வெல்வெட்டை எடுத்தார்.

"உள்பக்கமா வச்சுத் தைக்கிறேன். வெளிய தெரியாது" என்றார்.

மறுநாள் நிறுக்கும் இடத்தில் என் சும்மாடு தடித்திருப்பதைப் பார்வதி கண்டுபிடித்துவிட்டாள். "அக்கா, சாந்திக்கு என்ன சேதி?"

அக்கா வாயைத் திறந்தார்.

"அவ வீட்டுப் பூனை நாலு குட்டி போட்டுருக்கு!"

எங்கள் வீட்டில் பூனையே கிடையாது.

"எனக்கு ஒரு குட்டி வேணும்" என்றாள் பார்வதி.

"நாலையும் கொஸ்லந்தையில இருக்குற அவ சொந்தக்காரங்க கொண்டுபோயிட்டாங்க."

அன்று பின்னேரம் துணிச் சாக்கோடு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். சாக்கு கத்தியது. "இதுதான் தாய்ப் பூனை. யாராவது கேட்டா காட்டு" என்று அவிழ்த்துவிட்டுப் போனார்.

மறுநாளே பார்வதி பார்க்க வந்தாள். பூனையைத் தூக்கினாள், வாலையும் தூக்கினாள், இறக்கிவிட்டுப் போய்விட்டாள். சொல்ல வேண்டியதை நிறுக்கும் இடத்துக்கென்று சேர்த்து வைத்திருந்தாள்.

"அக்கா, அது கடுவன் பூனை. கடுவன் எப்படிக்கா குட்டி போடும்? பிளேட எடுங்க!"

சட்டம் சட்டம்தானே. அக்கா பிளேடை எடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சரக்கென்று நூல் அறுந்தது. கண்ணைத் திறந்தால் என் சும்மாடு என் தலையில்தான் இருந்தது. அக்கா தன் சும்மாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"புளுகுனது நான்தானே. இந்தா, நீயே வச்சுக்க" என்று துண்டைப் பார்வதியிடம் கொடுத்தார். எல்லோரும் சிரித்த சிரிப்பில், உண்மையான சேதி என்னவென்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அக்காவின் சும்மாடு ஒரு துண்டு மெலிந்துவிட்டது. அதனால் இப்போதெல்லாம் நான் தினமும் ஒரு சேதியோடு போய் நிற்கிறேன். கடுவன் எலி பிடித்தது, குழாயில் தண்ணீர் வந்தது, கறிவேப்பிலைச் செடி துளிர்த்தது. துண்டு எனக்கு வேண்டாம், உங்கள் சும்மாட்டில் வையுங்கள் என்கிறேன். எதிர் மலைக்குக் கேட்கிற மாதிரித்தான் சொல்கிறேன்.