நிற்கும் ஸ்பீக்கரும் கைதட்டி அண்ணனும்

மாத்தளை நகரத்தில் கைதட்டி அண்ணன் கைதட்டாத வீடு ஒன்று இருந்தால், அது இன்னும் கூரை போடாத வீடாகத்தான் இருக்கும். அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. கூரை போடாத வீட்டுக்குள் போய்த் தட்டிவிட்டு, "இப்பிடியே விட்டுடுங்க, சவுண்டுக்கு இதுதான் நல்லது" என்று வீட்டுக்காரருக்கு ஆலோசனை சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு.

யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் செருப்பைக் கழற்றுவார். நேராக ஹோலின் நடுவுக்குப் போவார். 'டப்' என்று ஒரு தட்டு. பிறகு கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, சுவர் என்ன பதில் சொல்கிறது என்று கேட்பார். "எக்கோ கூட இருக்கு. ஒரு கர்ட்டன் போடுங்க" என்ற பிறகுதான் வீட்டில் உள்ளவர்களின் சுகம் விசாரிப்பார்.

பிரதான வீதியில் அவருக்குக் கர்ட்டன் துணிக் கடை இருந்தது. அதனால் இதெல்லாம் வியாபாரத் தந்திரம் என்று ஊரில் சிலர் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். ஒரு தடவை எல்லோருமாக வேன் பிடித்து ரிவர்ஸ்டன் மலைப்பக்கம் போனோம். பனிமூட்டத்துக்குள் நின்று மலையைப் பார்த்து ஒரு தட்டுத் தட்டினார். கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு, "அந்தப் பக்கம் மட்டும் ஒரு கர்ட்டன் போட்டா நல்லாருக்கும்" என்றார். மலைக்குக் கர்ட்டன் விற்க யாரும் திட்டம் போட மாட்டார்கள். மனிதர் உண்மையாகவே இப்படித்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஒரு செத்த வீட்டிலும் தட்டினார். அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திடுக்கிட்டு நிறுத்திவிட்டார்கள். அண்ணன் பதறிப்போய், "ஒண்ணுமில்லீங்க, நீங்க அழுங்க. தெளிவாத்தான் கேக்குது" என்றார். பல்லேபொலவில் ஒரு பெண் பார்க்கும் சடங்குக்கு மாப்பிள்ளை வீட்டாரோடு போனார். பெண் தேநீர்த் தட்டோடு வந்த நேரம் பார்த்து ஒரு தட்டு. மாப்பிள்ளை வீட்டுக்குச் சம்மதம் என்று நினைத்து எல்லோரும் சேர்ந்து தட்டிவிட்டார்கள். பெண்ணைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்று மாப்பிள்ளை முணுமுணுத்தது யார் காதிலும் விழவில்லை. அந்தத் தம்பதி இப்போது நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஒருவரிடம் நானாகப் போய் மாட்டிக்கொண்ட கதைதான் இது.

நான் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். அதனால் ஊரில் எல்லோருக்கும் நான் 'சேர்'. வீட்டில் நல்ல முறையில் பாட்டுக் கேட்க வேண்டும் என்று ஓர் ஆசை வந்தது. ஆசை வந்தால் ஸ்பீக்கர் வாங்குவது சாதாரண மனிதனின் வழி. நான் மாதக்கணக்காக போனில் வீடியோ பார்த்தேன். தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கரா, மேசையிலோ அலுமாரித் தட்டிலோ வைக்கும் சின்ன ஸ்பீக்கரா என்ற விவாதத்தில் இரண்டு பக்கத்துக்கும் என்னால் பேச முடிந்தது. ஒரு நல்ல ஸ்பீக்கரைக்கூட நேரில் கேட்டதில்லை என்பது மட்டும்தான் குறை.

மனைவி சாந்திக்கு விளக்கினேன். "சவுண்ட் ஸ்டேஜ்னு ஒண்ணு இருக்கு. பாடுறவர் நம்ம முன்னாடி மேடையில நிக்கிற மாதிரியே இருக்கும்."

"நம்ம ஹோல்ல மேடை போட எங்க இடம் இருக்கு? தையல் மெஷினையே அறைக்குள்ளதானே வச்சிருக்கேன்" என்றாள்.

அது நியாயமான கேள்வி. டேப் எடுத்து ஹோலை அளந்தேன். படம் வரைந்தேன். எப்படிக் கணக்குப் போட்டாலும் ஒரே விடைதான் வந்தது: சின்னதுதான் சரி. அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு கைதட்டி அண்ணனின் கடைக்குப் போனேன். அவர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

"சேர், கணக்கெல்லாம் பிள்ளைங்களுக்கு. ஸ்பீக்கர்ல ரெண்டே சாதி. நிக்கிறது, குந்துறது. நிக்கிறதுதான் ஸ்பீக்கர். குந்துறது ரேடியோ."

"நம்ம ஹோல் சின்னது, அண்ணே."

"ஹோல் சின்னதா இருக்கலாம். மனசு சின்னதா இருக்கலாமா?"

இருபது வருடம் கணிதம் படிப்பித்தவன் இந்தக் கேள்விக்கு முன்னால் படத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டேன். அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் கண்டியில் ஒரு கடையில் இருந்தோம். ஹோல் எவ்வளவு பெரிசு என்று கடைக்காரப் பையன் கேட்டான். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஹோலோடு விறாந்தையையும் குசினியையும் கூட்டிச் சொன்னேன். கூட்டலில் பிழையில்லை.

பெட்டிகள் பஸ்ஸில் ஏறாது. ஒரு த்ரீவீல் பிடித்தோம். பின் சீட்டில் இரண்டு ஸ்பீக்கரையும் சாய்த்து வைத்து, அவற்றுக்கு நடுவில் அண்ணன் இரண்டையும் தோளோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு இடமில்லை. நிற்கும் ஸ்பீக்கர்கள் சொகுசாக உட்கார்ந்து வீட்டுக்குப் போயின. அவற்றை வாங்கியவன் மாத்தளை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது ஹோலில் இரண்டும் விருந்தாளிகள் போல நின்றன. சாந்தி அவற்றை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவங்க யாருங்க? எத்தன நாள் தங்குவாங்க?"

முதல் பாட்டைப் போட்டதும் குசினியில் பானை மூடிகள் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தன. பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா வெளியே ஓடி வந்தார். வானத்தைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், கடைசியில் யன்னல் வழியாக என்னைப் பார்த்தார். பாடகரின் குரல் எங்கோ போர்வைக்குள் இருந்து வந்தது. நான் வீடியோவில் படித்த தலையாட்டலோடு, "அடடா, என்ன ஆழம்!" என்றேன்.

"ஆழம்தான். கிணத்துக்குள்ள விழுந்த மாதிரி இருக்கு" என்றாள் சாந்தி.

"சுவத்துல ஒட்டி வச்சா அப்பிடித்தான் தங்கச்சி. கொஞ்சம் முன்னால தள்ளணும்" என்றார் அண்ணன்.

அந்த 'கொஞ்சம்' முடியவே இல்லை. பின்னேரம் கடையைப் பூட்டியதும் நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். ஸ்பீக்கர்கள் ஒவ்வொரு நாளும் முன்னேறின. சோபா பின்வாங்கி, விறாந்தைக்குப் போய், மழையில் நனைந்தது. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் சரியாக ஓர் இடத்தில்தான் பாட்டு பாட்டாகக் கேட்கும் என்று கண்டுபிடித்தார். அங்கே ஒரு கதிரை. அதற்குப் பின்னால் அடுத்த சிறந்த இடம், அதற்குப் பின்னால் அடுத்தது. நாங்கள் குடும்பமாக ஒருவர் பின் ஒருவராக, ரத்தொட்ட பஸ்ஸில் போவது மாதிரி உட்கார்ந்தோம். முதல் கதிரை அண்ணனுக்கு. வீட்டுக்காரன் நான் அவருடைய பிடரியைப் பார்த்தபடி இசையை ரசித்தேன்.

மகளுக்குப் பரீட்சை நெருங்கியது. அவள் படிக்கும் மேசையும் ஹோலில் இருந்து துரத்தப்பட்டு நடையில் கிடந்தது. ஒரு நாள் அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திப் படித்தாள். அன்றைக்குச் சாந்தி சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போடாவிட்டால்தான் எனக்குப் பயம்.

"ஒண்ணு, இந்த ரெண்டும் போகணும். இல்லாட்டி உங்க அண்ணன் வர்றது நிக்கணும். நீங்களே போய்ச் சொல்லிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய வீட்டுக்குப் போனேன். அவர் எங்கள் வீட்டுக்கு வருவாரே தவிர, நான் அங்கே போனதே இல்லை. "அண்ணே, பிள்ளைக்குப் படிப்பு இருக்கு, கொஞ்ச நாளைக்கு வராதீங்க" என்று வழி முழுக்கச் சொல்லிப் பழகினேன். ஒரு நாயிடம்கூடச் சொல்லிப் பார்த்தேன். அது கோபிக்கவில்லை.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே ஒரே இருட்டு. எல்லா யன்னலுக்கும் இரண்டு மடங்கு தடித்த கர்ட்டன். ஹோலின் மூலைகளில் என் ஸ்பீக்கர்களைவிட உயரமான இரண்டு நின்றன. அவற்றின் தலையில் பூச்சட்டிகள். வயர்கள் சுருட்டிக் கட்டியிருந்தன. அண்ணன் சாப்பாட்டு மேசையில் குனிந்திருந்தார். அவருடைய இரண்டு காதுக்கும் பக்கத்தில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். குந்துகிற சாதி. சாமி கும்பிடுகிறாரோ என்று நினைத்தேன். பக்கத்தில் போன பிறகுதான் மெல்லிய நூல் மாதிரி ஒரு பாட்டு ஓடுவது கேட்டது.

என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா சேர். பாக்கியம் இப்பதான் படுத்தா."

அவருடைய மனைவி பாக்கியம் அக்காவுக்குப் பல வருடமாகத் தலைவலியாம். கொஞ்சம் சத்தமோ வெளிச்சமோ பட்டாலும் எழும்ப முடியாதாம். பேராதெனிய ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய்க் காட்டியும் முழுதாகக் குணமாகவில்லை.

"அந்தப் பெரிய ரெண்டும் அவ தெரிவு செஞ்சதுதான் சேர். கலியாணம் முடிஞ்ச புதுசுல. என்னைவிட அவளுக்குத்தான் பாட்டுப் பைத்தியம்" என்றார். அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அறைக்குள் இருந்து ஒரு குரல் வந்தது. "யாரு, சேரா? குறை நினைக்காதீங்க, எழும்பி வர முடியல. உங்க வீட்டுல கேட்டுட்டு வந்து தினமும் இவர் எனக்குச் சொல்லுவாரு. எந்தப் பக்கம் வயலின் வந்துச்சு, மிருதங்கம் எப்பிடி இருந்துச்சு, எல்லாம். அதைக் கேக்கத்தான் நான் முழிச்சிட்டுக் கிடப்பேன்."

"அப்பிடீங்களா அக்கா" என்றேன். வழியெல்லாம் பழகிய வசனத்தைச் சொல்லாமலே, அண்ணன் தந்த தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் சாந்தி.

நடந்ததைச் சொன்னேன். அவள் அரிசி களையப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து குசினியில் இருந்தே சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை பின்னேரம் பிள்ளை டியூஷனுக்குப் போயிடுவா. அந்த நேரம் வரச் சொல்லுங்க. மத்த நாளெல்லாம் எனக்கு ஹோல் வேணும்."

இப்போது கிழமை நாட்களில் ஸ்பீக்கர்கள் இரண்டும் மூலையில் சுவரோடு ஒட்டி நிற்கின்றன. ஒன்றில் மகளின் புத்தகப் பை தொங்குகிறது. வழக்கமாகக் கேட்பதற்கென்று அலுமாரித் தட்டில் ஒரு சின்ன சோடி வாங்கி வைத்துவிட்டேன். நிற்பதா, குந்துவதா என்ற கேள்விக்கு மாதக்கணக்காக ஆராய்ந்து ஒரு கணித ஆசிரியன் கண்ட விடை இரண்டும் என்பதுதான். மாணவர்களிடம் இதை நான் சொல்வதில்லை.

ஞாயிறு பின்னேரம் சாந்தியே சோபாவை வெளியே இழுப்பாள். அண்ணன் முதல் கதிரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்பார். பாட்டு முடிந்ததும் திரும்பி, "சேர், அந்தப் புல்லாங்குழல் வலது பக்கம்தானே வந்துச்சு? பிழையாச் சொன்னா அவ கண்டுபிடிச்சிடுவா" என்பார். எனக்கு எந்தப் பக்கம் என்று இன்றைக்கும் தெரியாது. இருந்தாலும் யோசிப்பது மாதிரிக் கொஞ்சம் இருந்துவிட்டு, "வலதுதான், அண்ணே" என்பேன்.

பாக்கியம் அக்காவுக்கு முடியாமல் போகும் ஞாயிறுகளில் அவர் வருவதில்லை. அன்றைக்கு நானும் பாட்டுப் போடுவதில்லை. வயர் லூசாகிவிட்டது என்று சாந்தியிடம் சொல்லிவிடுவேன்; அவளும் நம்பியது மாதிரி இருந்துவிடுவாள்.