பன்னிரண்டாயிரம் பவுண்டுக்கு மேல் ஏற்றக்கூடாது

இந்தக் கதையில் நல்ல சிரிப்பு ஒன்று இருக்கிறது. அதற்கு நான் பொறுப்பு. ஆனால் இப்போதே பல்லைக் காட்டிவிடாதீர்கள், அது கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் ஒரு பிக்கப் வண்டியையும், அதன் முதுகில் ஒரு கேம்பரையும், இரண்டையும் மலையேற்றத் துடிக்கும் டெல்பர்ட் ஹக்கின்ஸையும் எடை போட்டாக வேண்டும். அவசரக்காரர்கள் விறகு இறக்க ஒரு கை கொடுக்கலாம்.

கேம்பர் என்றால் வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகிற வகை இல்லை. பிக்கப்பின் பின்தட்டில் அப்படியே தூக்கி உட்காரவைக்கிற வீடு. கட்டில், அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. ஓட்டுபவர் தலைக்கு மேல் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். டெல்பர்ட் வாங்கி வந்ததைப் பார்த்து, ஐடஹோ மாநிலத்தின் கேரி ஊரே தெருவில் இறங்கி நின்று வாயைப் பிளந்தது. ஆமை முதுகில் யானை ஏறிப் படுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

ஜூலையில் பத்து நாள். கணவாய் தாண்டி அல்டுராஸ் ஏரி. கோகனி மீன். இதுதான் டெல்பர்ட்டின் சொர்க்கம். அந்தச் சொர்க்கத்துக்கு நண்பர் லெஸ்டரோடு போகவேண்டும், மனைவி ரோவீனா இல்லாமல். ரோவீனா மேல் கோபமெல்லாம் இல்லை. போன வருஷம் அவள் பதினெட்டு மீன் பிடித்தாள். இவர் மூன்று. லெஸ்டர் இரண்டு. இரண்டு பிடிக்கிறவன்தானே உயிர் நண்பன்?

ஆகவே, ஒரு நாள் காலை, காப்பிக் கோப்பையோடு ரோவீனாவை வண்டியின் கதவருகே அழைத்தார். கல்லறையில் பிரசங்கம் செய்கிற குரல்.

"இந்த ஸ்டிக்கரைப் படி."

"படிச்சுட்டேங்க. வண்டி, சாமான், ஆளு எல்லாம் சேர்ந்து பன்னிரண்டாயிரம் பவுண்டைத் தாண்டக்கூடாது."

"ஆளுங்கறதை கவனிச்சியா?"

"கவனிச்சேன்."

"நீயும் ஒரு ஆளு."

"ரொம்ப நன்றிங்க. முப்பது வருஷத்துல இப்பத்தான் சொல்றீங்க."

"விளையாடாத ரோவீனா! கணவாய் இறக்கத்துல பாரம் கூடிப்போனா பிரேக் கருகும். டயர் வெடிக்கும். வளைவுல வண்டி பம்பரமா சாயும். உன்னை உட்கார வெச்சுக்கிட்டு நான் அந்த ரிஸ்க் எடுக்கறதா? என் மனசு தாங்காது."

"அப்ப தனியாவா போறீங்க?"

"தனியாத்தான். என்ன பண்றது, மனசைக் கல்லாக்கிக்கிட்டேன்."

"மடக்கு நாற்காலி ரெண்டு ஏத்தியிருக்கீங்களே?"

"ஒண்ணு உக்கார. ஒண்ணு கால் நீட்ட."

ரோவீனா தலையாட்டினாள். சண்டை இல்லை, கண்ணீர் இல்லை. டெல்பர்ட்டுக்கே கொஞ்சம் ஏமாற்றம். நாலு நாள் வாதத்துக்குச் சரக்கு சேர்த்து வைத்திருந்தார்.

"நீங்க சொல்றது நியாயந்தாங்க. பாதுகாப்புல அரைகுறை கூடாது. கேம்பர் மட்டும் எவ்வளவு எடை?"

"விளம்பரத் தாள்ல போட்டிருக்கான். மூவாயிரத்து முந்நூறு."

"அது வெறும் பெட்டிங்க. தண்ணி இல்லாம, காஸ் இல்லாம, பேட்டரி இல்லாம போடற எடை. பத்து நாளும் குளிக்காம, சமைக்காம, இருட்டுலயா இருக்கப்போறீங்க?"

டெல்பர்ட் குளிப்பதைப் பற்றி யோசித்தார். பெரிய இழப்பாகத் தெரியவில்லை. ஆனால் சமையல்?

"எடைமேடையில நம்ம கொரீன்கிட்ட போய் எடை போட்டுருவோம்" என்றாள் ரோவீனா. "அதுக்கு முன்னாடி எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுங்க. வீட்டுல உக்காந்து, அவர் அதைச் சரியா பண்ணாரா, இதைச் சரியா பண்ணாரான்னு நான் கவலைப்படாம இருக்கணும்ல?"

அந்த ஒரு வாரம் டெல்பர்ட் நடமாடும் பல்கலைக்கழகம் ஆனார். கேம்பர் பக்கவாட்டில் இருக்கும் குறியைக் காட்டினார். "பாரத்தோட நடுப்புள்ளி இது. பின் அச்சுக்கு முன்னாடி நிக்கணும். பின்னாடி போச்சோ, வண்டி மூக்கைத் தூக்கிரும், ஸ்டீயரிங் உன் பேச்சைக் கேக்காது." கேம்பரை வண்டியோடு பிணைக்கும் நாலு மூலைச் சங்கிலியையும் முறுக்கி இறுக்கக் கற்றுத்தந்தார். டயர் காற்று, நீட்டுக் கண்ணாடி, இறக்கத்தில் எந்த கியர் என்று எதையும் விடவில்லை.

"ஐயோ, இவ்வளவு இருக்கா!" என்றாள் ரோவீனா, ஒவ்வொன்றுக்கும். அப்பாவின் வைக்கோல் லாரியைப் பதினாறு வயதில் கணவாய் தாண்டி ஓட்டியவள். சொல்லித்தருகிற மும்முரத்தில் டெல்பர்ட்டுக்கு அது ஞாபகம் வரவில்லை. அவள் குறிப்பு எடுத்தாள். பெருமையில் அவருடைய சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்தது.

சனிக்கிழமை காலை. ஊர்க்கோடியில் வைக்கோல் லாரிகளை நிறுக்கும் எடைமேடை. அதன் சின்ன அறையில் ஒலிபெருக்கியோடு உட்கார்ந்திருப்பவள் கொரீன், ரோவீனாவின் தங்கை. லெஸ்டரோ அடுத்த பாலத்தடியில் தூண்டிலோடு காத்திருப்பதாக ஏற்பாடு. அவர் எடையை டெல்பர்ட் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. நண்பர்கள் பாரம் ஆவார்களா என்ன?

ரோவீனா இறங்கி நின்றாள். டெல்பர்ட் தனி ஒருவராக வண்டியை மேடையில் ஏற்றினார்.

"கொர்ர்ர்... பன்னிரண்டாயிரத்து முந்நூத்தி எம்பது" என்றது ஒலிபெருக்கி. "அத்தான், மேல நீங்க மட்டுந்தானே? வீட்டையும் பெயர்த்து எடுத்துட்டு வந்தீங்களா?"

"உன் மெஷின்ல கோளாறு!"

"நேத்து பரிசோதனை பண்ணி முத்திரை குத்திட்டுப் போனாங்க அத்தான். கோளாறு மேடைக்கு மேலதான்."

"முந்நூத்தி எம்பதுதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

"அச்சச்சோ" என்று ரோவீனா கன்னத்தில் கைவைத்தாள். "பிரேக் கருகும்னீங்க. டயர் வெடிக்கும்னீங்க. பம்பரம்னீங்க. என் மனசு தாங்காதுங்க."

இறக்கினார்கள். தண்ணீர்த் தொட்டியில் பாதியைத் திறந்துவிட்டார்கள். நூற்று அறுபது போயிற்று. விறகு நூற்று இருபது. கருவிப்பெட்டியும் இரண்டு இரும்புச் சட்டியும் எண்பது. ஒவ்வொன்றையும் டெல்பர்ட்டே முக்கி முனகி, ரோவீனா கைகாட்டிய இடத்தில் வரிசையாகக் கொண்டுவந்து வைத்தார். பிறகு ஓட்டும் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"கொர்ர்ர்... பன்னிரண்டாயிரத்து இருபது."

"இருபதுதான்! ஒரு பூனை எடை!"

"பாதுகாப்புல பூனை என்ன யானை என்னங்க. பீர் பெட்டி ரெண்டு இருக்கே, அதை இறக்கிருங்க. நாப்பது போயிரும்."

டெல்பர்ட்டின் முகம் வெளுத்தது. "பீரையா? ஏரிக்கரையில நான் எதைக் குடிக்கிறது, ஏரியையா?"

தொப்பியைக் கழற்றினார். பெல்ட்டைக் கழற்றினார். பூட்ஸைக் கழற்றி ஜன்னல் வழியாக வீசினார். எண் அசையவில்லை.

"இருபது இருபதாத்தான் காட்டும் அத்தான்" என்றது ஒலிபெருக்கி. "பேன்ட்டைக் கழட்டி என்னை பயமுறுத்திராதீங்க. ஓட்டற ஆள் இல்லாம ஒரு தடவை பாப்போம். நீங்களே உள்ள வந்து நம்பரைப் பாருங்க, அப்புறம் என் மெஷினைத் திட்டமாட்டீங்க."

நியாயம். டெல்பர்ட் காலுறையோடு சரளைக்கல்லில் "ஸ்ஸ், ஆ, ஸ்ஸ்" என்று குதித்தபடி அறைக்குள் போனார். கண்ணாடிப் பெட்டியில் 11,760.

"ஆகா! இருநூத்தி நாப்பது மிச்சம் இருக்கே!"

"ஆமாங்க" என்று வெளியிலிருந்து ரோவீனா. "பிரேக் மேல யாராவது கால் வெக்கணும், நான் ஏறிக்கறேன்!"

11,880.

"அத்தான், அந்தப் பக்கத்துச் சங்கிலியை நான் ஒரு தடவை பாத்துட்டு வரேன். நம்பர் மேல வெச்ச கண்ணை எடுக்காதீங்க." கொரீன் ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள். சங்கிலி பார்க்கப் பை எதற்கு என்று டெல்பர்ட் கேட்கவில்லை. கண் நம்பரில் இருந்தது.

எங்கோ ஒரு கதவு சாத்துகிற சத்தம். எண் ஒருமுறை நடுங்கி நின்றது.

12,000.

டெல்பர்ட் ஒலிபெருக்கியின் மைக்கை எட்டிப் பிடித்தார். "பன்னிரண்டாயிரம்! சுளையா பன்னிரண்டாயிரம்! ஒரு பவுண்டு கூட இல்ல, குறைய இல்ல! அப்படியே இருக்கட்டும், யாரும் எதையும் தொடாதீங்க! கிளம்பலாம்!"

"சரிங்க!" என்றாள் ரோவீனா.

வண்டி மெல்ல மேடையை விட்டு இறங்கியது. ஓரமாக நிறுத்தப்போகிறாள் என்று நினைத்து டெல்பர்ட் வெளியே ஓடிவந்து இரண்டு கையையும் வீசி வழிகாட்டினார். "இடது! இன்னும் இடது! அவ்வளவுதான், நல்லா ஓட்டற!"

இடது பக்க விளக்கு கண் சிமிட்டியது. நெடுஞ்சாலைப் பக்கம்.

ஜன்னலில் ரோவீனாவின் தலை. "லெஸ்டர் பாலத்துல வெயில்ல நிக்க வேண்டாம்னு காலையிலயே ஃபோன் பண்ணிட்டேங்க!"

மறு ஜன்னலில் கொரீனின் தலை. "ரெண்டு மணிக்கு ஒரு வைக்கோல் லாரி வரும் அத்தான்! எடையை எழுதி வெச்சுருங்க!"

கேம்பர் ஒரு குலுக்கல் இல்லாமல், ஒரு சாய்வு இல்லாமல், அவர் சொல்லிக்கொடுத்தபடியே அழகாகத் திரும்பிப் போயிற்று. டெல்பர்ட் காலுறையோடு நின்று சுற்றிலும் பார்த்தார். இறக்கி வைத்த சாமான்கள் வரிசையாக இருந்தன: விறகு, கருவிப்பெட்டி, இரும்புச் சட்டிகள். வரிசையில் அடுத்த சாமான் தாம்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.