மெயில் போட்டாச்சு

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. வேலையைச் செய்ய மாட்டார்கள். செய்யவில்லை என்று உங்களால் சொல்லவும் முடியாது. ஏனென்றால் அதைப் பற்றி மெயில் போட்டிருப்பார்கள். கூரை ஒழுகுகிறதா, மெயில் போட்டாச்சு. லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டாரா, மெயில் போட்டாச்சு. உள்ளே இருப்பவருக்கும் ஒரு நகல் போயிருக்கும்.

நம்முடையவர் ஒரு மருந்து விநியோகக் கம்பெனியில் நிர்வாக மேலாளர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு சரி. மற்றபடி ஆபீஸ் முழுக்க அவர் 'போட்டாச்சு'தான். எதிர் மேஜைக்காரரிடம் ஸ்டேப்ளர் கேட்பதென்றாலும் தொண்டையைச் செருமி, நாற்காலியை முன்னே இழுத்து, 'மதிப்பிற்குரிய' என்று ஆரம்பித்து, முதலாளிக்கு ஒரு நகல் வைத்து, அனுப்பிவிட்டுச் சாய்ந்து உட்காருவார். கை நீட்டினால் எட்டும் ஸ்டேப்ளர். ஆனால் கை நீட்டியதற்கு என்ன அத்தாட்சி?

அப்பேர்ப்பட்டவர் தலையில்தான் முதலாளி அந்த வேலையைக் கட்டினார். பழைய மெயில் சர்வர் நொண்டியடித்துக்கொண்டிருந்தது. எல்லாருடைய கணக்குகளையும் புதிய சர்வருக்கு மாற்ற வேண்டும், முகவரியும் மாறும். கம்ப்யூட்டர் பிரிவுப் பெண் அவர் அறைக்கே வந்து நின்றாள்.

"பழைய சர்வரை உடனே நிறுத்த வேண்டாம் சார். வெளியாளுங்க கொஞ்ச நாளைக்குப் பழைய முகவரிக்குத்தான் அனுப்புவாங்க. வர்றதைப் புதுசுக்குத் திருப்பி விட்டுக்கிட்டே இருக்கலாம்."

"அது எதுக்கும்மா? முகவரி மாறுது, அவங்கவங்க வெளியாளுங்களுக்குச் சொல்லிடுங்கன்னு மெயில் போட்டாச்சே."

"படிச்சாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்."

"படிக்கிறது அவங்க பொறுப்பு."

நிறுத்தினார்கள். மறுநாள் காலையில் ஆபீஸே ஊமையாகிவிட்டது. புதிய கணக்கைத் திறக்கக் கடவுச்சொல் வேண்டும். கடவுச்சொல்லை அவர் அனுப்பி வைத்திருந்ததோ அந்தப் புதிய கணக்குக்கே. கிடங்குக்காரர் மூச்சிரைக்க மாடியேறி வந்து அவரிடம் கடவுச்சொல் கேட்டார்.

"உங்களுக்கு வந்திருக்கும், பாருங்க."

"எப்படி சார் பார்க்கிறது?"

"அதையும் மெயில்ல விளக்கியிருக்கேன்."

அந்தப் பெண்தான் மேஜை மேஜையாகப் போய் ஒவ்வொருவருக்கும் திறந்துவிட்டாள். அவரும் சும்மா இருந்துவிடவில்லை. மாற்றம் வெற்றிகரமாக முடிந்தது என்று முதலாளிக்கு மெயில் போட்டார்.

அடுத்த வாரம் ஒருநாள் மழை வெளுத்து வாங்கியது. மனைவி போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். போன் எடுப்பது அவருக்குப் பிடிக்காத காரியம். எழுத்தில் இல்லாத பேச்சு எந்த மூலைக்கு? கடைசியில், தொல்லை பொறுக்காமல் எடுத்தார்.

"பாப்பா எங்கே?"

"ஸ்கூல்ல. சாயங்காலம்தானே நான் போய்க் கூட்டிட்டு வரணும்?"

"மழைன்னு மத்தியானமே விட்டுட்டாங்களாம். பக்கத்து வீட்டுல இப்பதான் சொன்னாங்க."

பள்ளியில் கொடுத்திருந்தது அவருடைய ஆபீஸ் மெயில் முகவரி. பழையது. ஊருக்கெல்லாம் தெரிவிக்கச் சொன்னவர் பள்ளிக்குத் தெரிவிக்கவில்லை.

குடைகூட எடுக்காமல் ஓடினார். பள்ளி பூட்டியிருந்தது. வாசல் தகரக் கொட்டகையில், வாட்ச்மேனின் முக்காலியில், பையை மடியில் அணைத்துக்கொண்டு குழந்தை உட்கார்ந்திருந்தது. பாவாடை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்று வாட்ச்மேனிடம் சீறினார்.

"மெயில் போட்டுட்டாங்களே சார்."

"எல்லாரோட அப்பாவும் வந்தாங்க," என்றது குழந்தை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தது.

அவர் மழையில் நனைந்துகொண்டே ஓடியது உண்மை. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் வீட்டுக்கு வந்ததும் என்ன செய்தார்? பக்கத்து அறையில் குழந்தை இருமிக்கொண்டிருக்க, லேப்டாப்பைத் திறந்து, பள்ளி நிர்வாகத்தின் அலட்சியம் குறித்துத் தலைமை ஆசிரியைக்கு நீளமாக ஒன்று தட்டினார். இனிப் பள்ளி விவகாரங்களை நீயே கவனித்துக்கொள்ளவும் என்று சமையலறையிலிருந்த மனைவிக்கும் ஒன்று. அங்கே போன் கிணுங்கியது. அவள் படித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து லேப்டாப்பை மூடினாள்.

"அவ அந்த ரூம்லதான் இருக்கா. எந்திரிச்சுப் போய்ப் பேசுங்க."

போனார். குழந்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கதவைப் பிடித்தபடி நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

நல்லவேளை, நாம் அப்படியெல்லாம் இல்லை என்கிறீர்கள். சரி. நேற்றுப் பக்கத்து அறையிலிருந்த பிள்ளைக்குச் 'சாப்பிட வா' என்று போனில் தட்டி அனுப்பியது வேறு யாரோவாகத்தான் இருக்கும்.