மெழுகுக் குண்டும் மாதா கொடியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் குறி தப்பவில்லை. அந்தத் திருவிழாவில் நடந்த அத்தனைக்கும் நான்தான் காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாதா முன்னால் முட்டி போட்டு ஒப்புக்கொண்டும் ஆயிற்று. ஆனால் குறி தப்பியது என்று மட்டும் யாராவது சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வருவேன்.

எங்கள் வீடு ராயபுரத்தில். தெரு முனையில், துறைமுகத்துக்குப் போகும் சாலையை ஒட்டி, ஒரு மாதா கெபி, குகை மாதிரி கட்டிய சின்னக் கோயில். அதன் முன்னால் நாற்பது அடி உயரக் கொடிமரம். உச்சியில் உண்டிகோல் மாதிரி ஓர் இரும்புக் கவட்டை. உப்புக் காற்றில் கயிறு இற்றுப்போகும் என்பதால் திருவிழா முடிந்ததும் அதை உருவிவிடுவார்கள். அடுத்த வருடம் யாராவது ஏறி, புதுக் கயிற்றைக் கவட்டைக்குள் போட்டால்தான் கொடியேறும். அந்த யாராவது, இருபத்தைந்து வருடமாக என் அப்பா பவுல். துறைமுகத்தில் கயிறு கட்டிச் சரக்கேற்றும் கலாசியாக இருந்து ஓய்வு பெற்றவர். தரையில் நடப்பதைவிட உயரத்தில் நடப்பதுதான் அவருக்குச் சுலபம் என்று தெருவே சொல்லும்.

அந்தத் திருவிழாவுக்கு முந்தின வருடம் அவர் இறங்கும்போது கால் வழுக்கியது. இரண்டு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார். ஜனங்கள் எல்லாம் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அப்பாவைப் பார்த்தேன். மாடிப்படிகூட ஏறக்கூடாது என்று மூட்டு டாக்டர் சொன்ன பிறகும், விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் மொட்டை மாடி ஏணியில் ஏறி இறங்கி அவர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இந்த வருசம் வேற யார்னா ஏறட்டும்."

"இன்னாத்துக்கு? எனக்கு இன்னா கொறச்சலு?"

"முட்டி."

"அத்த மாதா பாத்துக்குவா."

"நீ வுயுந்தா மாதா கீழ நின்னு புடிப்பாளா?"

அம்மா கரண்டியைத் தூக்கிவிட்டாள். பேச்சு அத்தோடு முடிந்தது. அப்பா விழுவார், நான் பார்த்துக்கொண்டு நிற்பேன் என்று ராத்திரியெல்லாம் தோன்றும். அவரை ஏறவிடக்கூடாது. அவர் ஏறுவதற்கு முன்னாலேயே கயிறு மேலே இருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, ஒரு நைலான் நூலைக் குண்டில் கட்டி, கவட்டைக்கு மேலே சுட்டு, அந்தப் பக்கம் இறக்கி, நூலோடு கயிற்றைக் கட்டி இழுப்பது.

(வேறு வழியும் இருந்தது. அது பின்னால் வரும். அப்போது என்னைத் திட்டிக்கொள்ளலாம்.)

நான் திருவொற்றியூரில் கம்ப்ரசர் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்தேன். காற்றை அடைப்பதும் திறந்துவிடுவதும் என் பிழைப்பு. ஒரு குழாய், ஒரு வால்வு, ஒரு சின்ன டேங்க்: காற்றுத் துப்பாக்கிக்கு அது போதும். பழைய கோட்டைப் பீரங்கி மாதிரி, வாய் வழியாகத்தான் குண்டைத் திணிக்க வேண்டும். திணிக்க அம்மாவின் மாப் குச்சி. கூட்டாளி, பட்டறையில் என்னோடு வேலை பார்த்த தேசப்பன். நெட்டுக்குப்பத்து மீனவப் பையன், வாரத்தில் பாதி நாள் கடல், பாதி நாள் பட்டறை.

துப்பாக்கி ஒரே நாளில் தயார். குண்டுதான் படுத்தி எடுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசைக்கு மட்டம் போட்டுவிட்டு, நெட்டுக்குப்பத்து மணலில் இரண்டு மூங்கிலை ஒட்டிக் கட்டி, உச்சியில் ஒரு கவட்டைக் கிளையைச் செருகி நட்டோம். நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தி கிழித்தேன். ஒன்று, நேராகப் போகிறதா. இன்னொன்று, சுலபமாக உள்ளே போகிறதா. (விஞ்ஞானி என்று நினைப்பு.)

எலுமிச்சம்பழம் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஆனால் ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி. ஒல்லிப் பழத்தின் பக்கவாட்டில் காற்று ஓடிவிட, அது பத்தடி தள்ளிப் பொத்தென்று விழுந்தது. மிச்சத்தைத் தேசப்பன் உப்புப் போட்டுப் பிழிந்து குடித்துவிட்டான். டென்னிஸ் பந்தை உள்ளே தள்ள இரண்டு பேரும் மாப் குச்சியில் தொங்க வேண்டியிருந்தது. சுட்டபோது காற்று அதைக் கழிமுகத்துக்குக் கொண்டுபோய்விட்டது. உருளைக்கிழங்கு அருமை. குழாயின் விளிம்பே அளவாகச் சீவிக்கொடுத்தது, அம்பு மாதிரி போனது. ஆனால் நூல் அதைக் கிழித்துக்கொண்டு இங்கேயே விழ, கிழங்கு மட்டும் தனியாகப் பறந்து, வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவரின் முதுகில் பட்டது. அவர் சொன்ன வார்த்தைகளை எழுத முடியாது.

வலையில் கட்டும் ஈயக் குண்டை எண்ணெய் தடவிய துணியில் சுற்றிப் போட்டோம். இரண்டு பத்தியிலும் நூற்றுக்கு நூறு.

"ஸ்டெல்லாக்கா, இதான். சும்மா கில்லி மாறி பூட்ச்சு பாரு!"

"யார் தலைலனா வுயுந்தா?"

அவன் யோசித்தான். "அப்ப திருவிழா இல்ல, சாவுதான்."

ஈயம் வேண்டாம் என்று முடிவானது. கடைசியில் எனக்கு மெழுகு தோன்றியது. கெபியில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை உருக்கி, அதே குழாயின் துண்டு ஒன்றில் ஊற்றி, நடுவில் கம்பி வளையம் வைத்து உறையவிட்டேன். அளவு கச்சிதம், நேராகப் போனது, தலையில் விழுந்தாலும் வீக்கத்தோடு போய்விடும். பத்துக்கு ஒன்பது தடவை கவட்டைக்குள் நூல் விழுந்தது. வெயில் ஏறினால் மெழுகு இளகி வாயிலேயே சிக்கிக்கொள்கிறது என்பது ஒன்றுதான் குறை. அதற்கும் தேசப்பனே வழி சொன்னான். மீன் ஐஸ் பெட்டி.

திருவிழா அன்று சாயங்காலம் நாலு மணி. அப்பா வீட்டில் குளித்துக்கொண்டிருந்தார். ஆறு மணிக்குக் கொடியேற்றம். கெபி முன்னால் விழாக் கமிட்டிச் செயலாளர் ஆரோக்கியம் மாமா, நூறு கிலோவுக்குக் குறையாத மனுஷர், சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மைக்கை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேண்டு செட்டுக்காரர்கள் தயாராக நின்றார்கள். அவர்களுக்கு அவர் சொல்லி வைத்திருந்தது ஒன்றே ஒன்று: "மேல ஏற ஆரம்பிச்ச உடனே அடிச்சி தூள் கெளப்பணும். நடுவுல நிறுத்தாத."

நான் ஐஸ் பெட்டியிலிருந்து மெழுகை எடுத்து, துணி சுற்றி, ஒரே தள்ளில் உள்ளே விட்டேன். வெண்ணெய்தான். குறி பார்த்தேன். வால்வைத் திறந்தேன்.

நூல் கவட்டையின் நட்ட நடுவில் விழுந்தது. நட்ட நடுவில்! இதற்கு ஐம்பது பேர் சாட்சி.

ஆனால் நெட்டுக்குப்பத்தில் நான் கடல் காற்றுக்கு எதிரே சுட்டுப் பழகியிருந்தேன். இங்கே சுற்றிலும் அடுக்குமாடிகள், காற்றே இல்லை. குண்டு கவட்டையைத் தாண்டியும் நிற்காமல் போய், சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்ற கன்டெய்னர் டிரெய்லர் ஒன்றின் பின்பக்கத் தாழ்ப்பாள் கம்பியில் நூலைச் சுற்றிக்கொண்டு விழுந்தது. விழவும், வரிசை நகரவும் சரியாக இருந்தது.

"நூலு ஓடட்டும், நுனிய வுட்டுடு!" என்று கத்தினேன்.

"அதெப்டி வுடுவேன்? கட்டிட்டேங்க்கா!" என்றான் தேசப்பன் பெருமையாக.

கடலில் எதை இறக்குவதானாலும் முதலில் கடைசி நுனியைக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வலையே போய்விடும். சின்ன வயதிலிருந்து அவன் கை தானாகச் செய்யும் வேலை அது. சுற்றுமுற்றும் பார்த்து, அந்த இடத்திலேயே அசையாத பொருள் எதுவோ அதில் கட்டியிருந்தான். ஆரோக்கியம் மாமா உட்கார்ந்திருந்த நாற்காலியின் காலில்.

ஆரோக்கியம் மாமா அப்போதுதான் டீ குடிக்க எழுந்து போயிருந்தார்.

நாற்காலி முதலில் தரையில் கிறீச்சிட்டு நகர்ந்தது. பிறகு கொடிமரத்தடியில் போய் ஒரு நொடி நின்றது. பிறகு ஏறியது. ஏறியதைப் பார்த்ததும் பேண்டு செட்டு சொன்ன வாக்கைக் காப்பாற்றியது. டிரம்பெட் காதைப் பிளந்தது. பின்னால் நின்றவர்கள் சரவெடியைக் கொளுத்தினார்கள். என்ன ஏறுகிறது என்று தெரியாமலே இரண்டு பாட்டிமார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நாற்காலி நிதானமாகச் சுழன்றபடி உச்சிக்குப் போய், கவட்டையில் கால் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தது. நூல் அறுந்தது. டிரெய்லர் எதுவும் தெரியாமல் போய்விட்டது.

டீ கிளாஸோடு திரும்பி வந்த ஆரோக்கியம் மாமா உட்காரப் போனார். நல்லவேளை, குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்தும் பார்த்தார்.

சத்தம் கேட்டு, தலை துவட்டாமல் அப்பா ஓடிவந்தார். மேலே பார்த்தார். என் கையிலிருந்த குழாயைப் பார்த்தார்.

"இன்னாமே இது?"

"நீ ஏறக்கூடாதுன்னுதான்..."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொடிமரத்தை நோக்கி நடந்தார். நான் ஓடிப்போய் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஊர் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது, எனக்குக் கண்ணில் தண்ணீர்.

"போன வருசம் தொங்கினத நான் பாத்தேன்ப்பா. மேல போவணும்னா என்ன மிதிச்சிகினு போ."

அப்பா நின்றுவிட்டார். அவர் தொங்கியதை யாரும் பார்க்கவில்லை என்றே ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார், பாவம்.

அதற்குள் ஆரோக்கியம் மாமா யாருக்கோ போன் போட்டார். கால் மணியில் தெருவிளக்கு மாற்றும் ஏணி வண்டி வந்தது. மேலே போனவர் நாற்காலியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் கயிற்றைக் கவட்டைக்குள் போட்டார். இரண்டு நிமிடம். (வேறு வழி என்று சொன்னேனே, அது இதுதான். ஒரு போன். திட்டிக்கொள்ளுங்கள்.)

அப்பா ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் இரண்டு காலோடு வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தார், எனக்கு அது போதும். பத்தாம் நாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, "மெழுவா சுட்ட? ஈயம் போட்டுப் பாக்கலியா?" என்றார். நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து காட்டினேன். இரண்டு பத்தியையும் கடைசி வரி வரை படித்தார்.

அதிலிருந்து ஏணி வண்டிதான் வருகிறது. அப்பா கீழே நின்று கயிற்றுக்கு முடிச்சுப் போடுகிறார், மேலே இருப்பவரை நன்றாகத் திட்டுகிறார். ஒவ்வொரு திருவிழாவிலும் பழைய கலாசி ஒருத்தராவது வம்புக்கு, "இன்னா பவுலு, இந்த வருசமும் நீ ஏறலியா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. அப்பா என்னைக் கைகாட்டிவிட்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்வார்:

"நான் இன்னாத்துக்குபா ஏறணும்? எங்க வூட்ல நாற்காலியே ஏறும்."